திடலுக்குச் செல்லும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி

பள்ளிகளுக்கிடையிலான காற்பந்து, வலைப்பந்து, ஓட்டப் போட்டிகள் தொடங்கும் காலம் வந்ததும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் தவறாது எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. சட்டைகளை யார் தைப்பது, வேன் வாடகையை யார் கொடுப்பது என்பவை எல்லாம் முடிவான பின்னர், கூட்டம் கலையும் வேளையில், "பிள்ளைகளுக்குத் தின்ன என்ன கொண்டு போவது?" என்று ஒருவர் கேட்பார். "யாராவது எதையாவது வாங்கி வரட்டும்" என்பது விடையாக இருக்கும். அத்துடன் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிடுவோம்.

கடைசியாகக் கேட்கப்படும் அக்கேள்வியை முதற் கேள்வியாக எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனைச் சிறிய விஷயம் என்று எண்ணுவோர் இருக்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

ஆசிரியர் பயிற்சியை முடித்து நான் பணியேற்ற முதலாண்டில், மாவட்ட ஓட்டப் போட்டிக்குப் பதினான்கு மாணாக்கரை அழைத்துச் சென்றேன். அவர்களுள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தொடர் ஓட்டத்தில் எங்கள் நம்பிக்கைக்கு உரியவன். காலை ஏழு மணிக்குத் திடலை அடைந்தோம். அவனுடைய முறை வந்தபோது மணி பதினொன்று. கோலைக் கையில் வாங்கியவன் இருபது முப்பது அடி ஓடினான். பிறகு வெள்ளைக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். முகம் வெளிறி, உடல் முழுவதும் வியர்த்திருந்தது. நிழலுக்குத் தூக்கிச் சென்று நீர் புகட்டிய பின்னர் விசாரித்தேன். முந்திய இரவுச் சோற்றுக்குப் பின் அவன் வயிற்றுக்குள் சென்றவை ஒரு பொட்டலம் கெரோப்போக்கும் ஒரு டின் இனிப்புப் பானமும் மட்டுமே. அவை இரண்டையும் வாங்கி வந்து அன்போடு விநியோகித்தவன் நானேதான். "பசிச்சா சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "எல்லாரும் அதைத்தானே சார் தின்னாங்க" என்றான்.

அவன் நலமாக வீடு திரும்பினான். எனக்கு மட்டும் அந்த விடை இன்றுவரை மறக்கவில்லை.

இக்கேள்வி நம் பெற்றோரின் தலைமுறையில் ஏன் எழவில்லை என்பதையும் சிந்திக்க வேண்டும். நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன். பிரட்டுக்குச் செல்லுமுன் தாய்மார்கள் நாலரை மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கோப்பியும் பிஸ்கட்டும், அல்லது முதல் நாள் சோற்றில் மோர் ஊற்றிய கஞ்சியும் கிடைக்கும். தோட்டத் திடலோ லயத்திற்கு எதிரிலேயே இருந்தது. விளையாடிக் களைத்தவன் வீட்டுக்கு ஓடி இரண்டு வாய் சோறு தின்றுவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே ஆட்டத்துக்குத் திரும்புவான். ஆகவே திடலுக்கு உணவைக் கொண்டு செல்ல வேண்டிய தேவையே இருந்ததில்லை.

இன்று பேராக் மாநிலத்தின் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டப் பள்ளிகள் பல பட்டணத்தின் ஓரத்துக்குக் குடிபெயர்ந்துள்ளன. தாய்மார்கள் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்து, பிள்ளை புறப்படும் வேளையில்தான் வீட்டுக்குள் நுழைகிறார்கள். போட்டி நடைபெறும் திடல் வீட்டிலிருந்து இருபது, முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அம்மாவின் அடுப்பு செய்து வந்த வேலையை இப்போது வேனின் பின்பகுதியில் வைக்கப்படும் ஒரு கூடை செய்ய வேண்டியுள்ளது. அக்கூடையில் எதை வைக்கிறோம் என்பது அதனாலேயே முக்கியமாகிறது.

பிள்ளைகளின் சத்துணவைப் பற்றிய அக்கறை நம் மாநிலத்துக்குப் புதிதன்று. உணவு, சத்துணவு செயல்முறைத் திட்டம் நம் நாட்டில் 1969ஆம் ஆண்டில் சோதனை முறையில் தொடங்கப்பட்டபோது, அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் தெற்குப் பேராக்கில் உள்ள துரோலாக் ஆகும். வசதி குறைந்த மாணவர்களுக்குப் பள்ளியிலேயே உணவு வழங்கும் துணை உணவுத் திட்டம் 1979ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் விரிந்தது. பள்ளிப் பால் திட்டம் 1983ஆம் ஆண்டில் வந்தது. ஆயினும் இவை யாவும் பள்ளி நாட்களுக்கு உரியவை. சனிக்கிழமைப் போட்டிக்கு வேறொரு ஊரின் திடலில் நிற்கும் பிள்ளைக்கு, பொறுப்பேற்று உடன் வந்திருக்கும் ஆசிரியரும் பெற்றோரும் தரும் உணவே உணவாகும்.

உடல் கேட்பது என்ன?

இரவு உணவுக்குப் பின் உறங்கும் பிள்ளையின் உடல் முழு ஓய்வில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அவ்வாறன்று. ஈரல், தான் சேமித்து வைத்துள்ள சர்க்கரைச் சத்தை இரவு முழுவதும் சிறிது சிறிதாக இரத்தத்தில் விட்டு மூளைக்கு ஊட்டிக்கொண்டே இருக்கிறது. பொழுது விடியும்போது அந்தச் சேமிப்பு பெருமளவு குறைந்திருக்கும். பெரியவர்களைவிடச் சிறுவர்களின் சேமிப்பு சிறியது. எனவே பசியாறாமல் திடலுக்கு வரும் பிள்ளை, எண்ணெய் தீரும் தறுவாயில் உள்ள மோட்டார் சைக்கிளைப் போன்றவன். முதற் சுற்று ஓடிவிடுவான். இரண்டாவது சுற்றில் அவன் கால் தளர்வதைக் கண்டு "சோம்பேறி" என்று கரையிலிருந்து கத்துவோம்.

அந்நிலையில் அவனுக்கு இனிப்புப் பானத்தைக் கொடுத்தால் சிறிது நேரம் உற்சாகம் பிறக்கும். ஆனால் வெறும் வயிற்றில் வேகமாக ஏறும் சர்க்கரை வேகமாக இறங்கவும் கூடும். எண்ணெயில் பொரித்த பண்டங்களைக் கொடுத்தாலோ, கொழுப்பு இரைப்பையை விட்டு நகர நெடுநேரம் பிடிக்கும். ஓடும் பிள்ளைக்கு வயிற்றைப் பிரட்டும். ஆகவே போட்டிக்கு முன்பு நாம் தேட வேண்டியது, மெல்லச் செரித்து நின்று பயன் தரும் மாவுச்சத்து. போட்டிக்குப் பின்பு தேட வேண்டியது, மாவுச்சத்துடன் தசைகளைச் சீராக்கும் புரதம். இடைப்பட்ட நேரம் முழுவதற்கும் வேண்டியது நீர். பாடம் இவ்வளவே. எஞ்சியவை எல்லாம் கடைத் தெருவிலும் சமையற்கட்டிலும் செய்ய வேண்டியவை.

இயன்றவரை, போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னர் பிள்ளைகள் வீட்டில் பசியாறி வர வேண்டும். இரண்டு இட்டிலி, அல்லது முட்டையோடு ரொட்டி, அல்லது ஒரு கிண்ணம் கஞ்சி போதுமானது. எல்லா வீட்டிலும் அது நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எனவே வேன் புறப்பட்டவுடன், "யார் பசியாறவில்லை?" என்று கேட்காமல், எல்லாருக்கும் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்துவிடுவதே முறை. பசியோடு வந்தவன் கை தூக்கமாட்டான். இதை ஆசிரியராய் இருந்த காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன்.

புந்தோங் கற்றுத்தரும் பாடம்

ஈப்போ மாநகரின் புந்தோங் வட்டாரத்தை அறியாத தமிழர் பேராக்கில் இருக்க முடியாது. கச்சாங் பூத்தே என்று நாடெங்கும் அழைக்கப்படும் கடலை, பயறு, முறுக்கு வகைகளின் தாயகம் அது. தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்து வருகின்றன. அவர்களுட் பலர் முன்னர் குனோங் சீரோ மலையடிவாரத்தில் வாழ்ந்தவர்கள். 1973ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அங்கே சுண்ணாம்புப் பாறை சரிந்து விழுந்து பல உயிர்களைக் கொண்டுபோன துயரத்திற்குப் பின்னர், புந்தோங் அவர்களின் வாழ்விடமாயிற்று. தலையில் தட்டைச் சுமந்து சினிமாக் கொட்டகை வாசல்களில் காகிதக் கூம்புகளில் கடலை விற்றவர்களின் உழைப்பு, இன்று பொட்டலங்களாக நாடு முழுவதும் செல்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள மெங்லெம்பு, தோலுடன் வறுத்த நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது. இரண்டு ஊர்களும் ஒரே மாநகரின் பகுதிகளே. பருப்பும் பயறும் இவ்வளவு புகழ்பெற்ற ஓர் ஊரின் பிள்ளைகளுக்கு, நாம் மாவில் செய்து சாயம் பூசிய பொட்டலங்களை வாங்கிக் கொடுக்கிறோம்!

கச்சாங் என்ற மலாய்ச் சொல் கடலை, பயறு, அவரை இனம் முழுவதையும் குறிக்கும். பூத்தே என்பது வெண்மை. பெயருக்குரிய அந்த வெண்மையான பொருள் கொண்டைக் கடலையே என்பர். எண்ணெயில் பொரித்துக் காரம் தூவிய வகைகளை நான் குறை சொல்ல வரவில்லை. தீபாவளிக்கும் மழைநேரத்து மாலைக்கும் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் திடலுக்கு ஏற்றவை அவையல்ல. திடலுக்கு ஏற்றது அதே கொண்டைக் கடலையின் பொரிக்காத வடிவம், அதாவது நவராத்திரியில் கோயில்தோறும் வழங்கப்படும் சுண்டல்.

வேகவைத்த கொண்டைக் கடலை 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும் 27 கிராம் மாவுச்சத்தும் உள்ளன. கொழுப்பு மிகக் குறைவு. நிலக்கடலையில் புரதம் மிகுதி என்பது உண்மையே. எனினும் அதன் எடையில் பாதியளவு கொழுப்பு. ஆகையால் நிலக்கடலையைப் போட்டி முடிந்த பின் ஒரு கைப்பிடி கொடுக்கலாம். போட்டிக்கு முன்பு வேண்டாம். சுண்டலையுங்கூட ஓட்டத்துக்கு அரைமணி நேரம் இருக்கும்போது கொடுப்பது சரியன்று. நார்ச்சத்து மிகுந்த அது வயிற்றில் தங்கும். காலை ஆட்டத்துக்கும் பிற்பகல் ஆட்டத்துக்கும் இடையில் கிடைக்கும் நீண்ட இடைவேளையே சுண்டலுக்கு உரிய வேளை.

பதினைந்து பேர் கொண்ட குழுவுக்கு உலர்ந்த கடலை 600 கிராம் போதும். ஊறி வெந்தபின் அது இரு மடங்குக்குமேல் எடை கூடும். ஆளுக்கு 80 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். முதல் நாள் இரவே ஊறவைத்து, அதிகாலையில் உப்பிட்டு வேகவைத்து, நீரை முற்றாக வடித்துவிட வேண்டும். கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கலாம். மிளகாய் வேண்டாம். தேங்காய்த் துருவல் கண்டிப்பாக வேண்டாம். கோயிலில் சுண்டல் உடனே பகிரப்படுகிறது. தேங்காய் கெடுவதற்கு நேரமில்லை. வேனிலும் வெயிலிலும் அது முதலில் புளிக்கும், பின்பு தன்னோடு சுண்டல் முழுவதையும் கெடுத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் தாய்மார்களிற் பலர் சுண்டலை ஆவி பறக்கும்போதே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக மூடிவிடுகிறார்கள். சூடாக இருந்தால் பிள்ளைகள் விரும்புவார்கள் என்பது அவர்கள் எண்ணம். ஆவி மூடியில் நீராகி மீண்டும் கடலையில் சொட்டுகிறது. ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அகன்ற தட்டில் பரப்பி, விசிறியின்கீழ் ஆறவைத்த பின்னரே மூட வேண்டும்.

சுண்டலைப் போலவே மலிவானது வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தோலோடு வேகவைத்துத் தோலோடு கொண்டு சென்றால், தோலே உறையாகிவிடும். கை படாமல் பாதுகாக்கும். மரவள்ளிக் கிழங்கும் நல்லதே. ஆனால் ஜப்பானியர் காலத்தில் அதை மட்டுமே தின்று உயிர் பிழைத்த தலைமுறையினர், பேரப்பிள்ளையின் கையில் அதைக் காணவும் விரும்பியதில்லை. என் பாட்டி அப்படித்தான்.

பழங்களைப் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. வாழைப்பழத்துக்கு இணையான திடல் உணவு வேறில்லை. தோல் உண்டு, கரண்டி வேண்டா, போட்டிக்கு அரைமணி முன்பும் உண்ணலாம். நடுத்தரப் பழம் ஒன்றில் ஏறத்தாழ 27 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பெராங்கான் பழமோ, சந்தையில் மலாய்க்காரர்களும் நம் சொல்லாலேயே அழைக்கும் ரஸ்தாளியோ, எது மலிவோ அதை வாங்கலாம். பேராக் மாநிலத்துக்கென்றே அமைந்த வேறிரண்டு பழங்கள் உள்ளன. பீடோர் கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பன்மடங்கு உயிர்ச்சத்து சி உண்டு. தம்புன் பம்பளிமாசு தடித்த தோலுக்குள் நாள்கணக்கில் கெடாது. உரித்துச் சுளைசுளையாகப் பகிரலாம். கொய்யாத் துண்டுகளின் மேல் அசாம் பொடியைத் தூவித் தருவது நம் ஊர் வழக்கம். சிறிதளவு தூவினால் தவறில்லை.

வெயிலும் நேரமும்

பிள்ளைகளின் உடல் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலை நாம் மிகைப்படுத்தி எண்ணக் கூடாது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் கடும் வெப்பத்தின் காரணமாகக் கல்வி அமைச்சு பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்திவைக்க நேர்ந்ததைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளை, வெயிலில் விளையாடும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லிலிட்டர் வரை நீர் அருந்த வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரையாகும். தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்று காத்திருத்தல் பிழை. விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைக்குத் தாகமே தெரிவதில்லை. நடுவர் ஊதலை ஊதும் ஒவ்வொரு முறையும் "தண்ணீர்!" என்று குரல் கொடுக்க ஒரு பெரியவரை நியமித்துவிடலாம். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

பானத்தைப் பொறுத்தவரை, ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஆட்டத்துக்கு வெறும் நீரே போதும். ஐசோடோனிக் பானங்கள் நீண்ட நேரம் தொடர்ந்து வியர்ப்பவர்களுக்கு உரியவை. இரண்டு நிமிடத்தில் முடியும் ஓட்டத்துக்கு அவை வேண்டியதில்லை. நாள் முழுவதும் வெயிலில் ஆடும் குழுவுக்கு, எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை உப்பும் சிறிது சர்க்கரையும் சேர்த்த நீரோ, நன்கு குளிரூட்டிக் கொண்டுவரப்பட்ட நீர்மோரோ அந்தப் பணியைச் செய்யும்.

வாயுப் பானங்களை ஏன் விலக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு ஒன்று போதும். சாதாரண டின் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது; அதாவது தேக்கரண்டியில் ஏழு. சீராப் தண்ணீரைக் கையளவில் கலக்கும்போது இதைவிடக் கூடுதலாகவும் போய்விடும். 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு நம் நாட்டில் இனிப்புப் பானங்களுக்குத் தனி வரி விதிக்கப்பட்டிருப்பது காரணமின்றி அன்று. அதே ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களுள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நாட்டின் பெரிய இனங்களுள் இதுவே மிக உயர்ந்த அளவு. ஐந்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளுள் ஏறத்தாழ பத்தில் மூவர் உடற்பருமன் கூடியவர்கள் என்றும் அதே ஆய்வு கூறிற்று. பாட்டன், பாட்டிக்குக் கால் விரல் எடுக்கப்பட்ட வீடுகள் நம்மிடையே எத்தனை இருக்கின்றன! அவ்வீட்டுப் பிள்ளை நன்றாக விளையாடியதற்குப் பரிசாக நாம் நீட்டுவது ஏழு தேக்கரண்டிச் சர்க்கரையாக இருக்க வேண்டியதில்லை.

விளையாட்டுப் போட்டி என்றதும் பச்சை நிற மைலோ வேனை நினையாதவர் நம்மில் யார்? காகிதக் குவளையில் அந்தக் குளிர்ந்த பானத்துக்காக வரிசையில் நின்ற மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆட்டம் முடிந்தபின் ஒரு குவளை அருந்துவதில் தீங்கில்லை. வீட்டில் கலந்து கொண்டுவருவோர், டின் பாலை ஊற்றி அதன்மேல் சர்க்கரையும் போடுவதுதான் தவறு. பாற்பொடியைக் கரைத்துச் செய்தால் புரதமும் சேரும்.

இனி, மிகவும் கவனமாக இருக்க வேண்டிய பகுதி. அதிகாலையில் நாசி லெமாக்கோ வறுத்த மீகூனோ பொட்டலமாக வாங்கி, நண்பகல் ஆட்டம் முடிந்தபின் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுறுத்தலாகும். கடைக்காரர் சமைத்தது எத்தனை மணிக்கு? நான்கு மணிக்கு என்றால், காலை எட்டு மணிக்கே கெடு முடிந்தது. தேங்காய்ப் பாலில் வெந்த சோறும், சம்பலும், பாதி முட்டையும் வேனின் பின்பகுதி வெப்பத்தில் கிடக்கும்போது, அதன் மணமோ சுவையோ மாறாமலேயே நஞ்சாகிவிட முடியும். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிலாங்கூரின் கோம்பாக் மாவட்டத்தில் ஒரு பள்ளி நிகழ்ச்சியில் வழங்கப்பட்ட உணவால் பலர் நோயுற்று, இரு உயிர்களும் பிரிந்தன. அங்கு பரிமாறப்பட்டவை வறுத்த மீகூனும் முட்டையும் போன்ற, நாம் அன்றாடம் உண்ணும் உணவுகளே.

எனவே பொட்டலச் சோறு வாங்கித்தான் ஆக வேண்டுமானால், ஒருவர் உண்ணும் நேரத்துக்கு முன்பு சென்று புதிதாக வாங்கி வரட்டும். அல்லது திடலுக்கு அருகில் உள்ள கடைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். டப்பாக்களின் மூடியில் சமைத்த நேரத்தை எழுதி ஒட்டுவது ஒரு காசும் செலவில்லாத பாதுகாப்பு. கை கழுவ ஒரு தோம்பு நீரும் சவர்க்காரமும் தனியே கொண்டு செல்ல வேண்டும். குடிநீரில் கை கழுவிவிட்டுப் பின்பு தவிக்கும் குழுக்களைக் கண்டிருக்கிறேன்.

எல்லாருக்கும் ஒரே கூடை

நம் பள்ளிக் குழுக்களில் பல வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். செவ்வாய், வெள்ளிகளில் மரக்கறி மட்டுமே உண்ணும் வீட்டார் உண்டு. புரட்டாசி முழுவதும் விரதம் காப்போர் உண்டு. வட்டாரக் குழுவாக இருந்தால் மலாய், சீன மாணவர்களும் உடனிருப்பர். கோழி வைத்த ரொட்டியைப் பகிரும்போது, ஒரு பிள்ளை "வேணாம்" என்று தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டி வருகிறது. பழமும் கடலையும் கிழங்கும் எவரையும் ஒதுக்குவதில்லை. அவித்த முட்டை நல்ல உணவே. அதனை விரும்புவோருக்குத் தனியாக வைக்கலாம்.

ஆனால் நிலக்கடலை சில பிள்ளைகளுக்கு ஆகாது. அரிப்பும் வீக்கமும் மூச்சுத்திணறலும் வரலாம். உயிருக்கே ஆபத்தும் உண்டு. போட்டிக்கான அனுமதிக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பும்போதே, "உங்கள் பிள்ளைக்கு ஒவ்வாத உணவு யாது?" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்தால், அந்த நாளில் அக்கூடையில் நிலக்கடலை எவருக்கும் வேண்டாம். எதுவாயினும், வாயில் போட்டுக்கொண்டு ஓட அனுமதிக்கக் கூடாது. உட்கார்ந்து உண்ண வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். முறை வைத்து வீட்டுக்கு ஒருவராகச் சிற்றுண்டி கொண்டுவரச் சொல்வது பட்டணப் பள்ளிகளின் வழக்கம். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு வாரம் ஒருவர் கேக்கும் சாக்லேட்டும் கொண்டுவந்தால், அடுத்த வாரத்துக்கு உரிய தாய் என்ன செய்வார்? தன் முறை வருகிறது என்பதற்காகவே பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்ட ஒரு தாயை நான் அறிவேன். காரணம் கேட்டபோது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார். உண்மை பின்னரே தெரிந்தது. ஆகவே சங்கமே பட்டியலை முடிவுசெய்து, பொருளைச் சங்கப் பணத்தில் வாங்கி, சமைக்கும் வேலையை மட்டும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது நல்லது. ஒரு வீட்டார் கடலை வேகவைக்கட்டும். மற்றொரு வீட்டார் கிழங்கு. கையால் உழைக்க எவருக்கும் கூச்சமில்லை.

கொண்டு செல்லும் அளவு, குழுவின் எண்ணிக்கையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். பதினைந்து பேருக்கு இருபது வாழைப்பழம் என்பது என் கணக்கு. வேன் ஓட்டுநர் இருக்கிறார். தம்பியையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வரும் பாட்டிமார் இருக்கிறார்கள். தோற்றுப்போன எதிரணிப் பிள்ளை ஒருவன் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், அவனுக்கும் ஒன்று கொடுக்க வேண்டும் அல்லவா?

மற்றொரு காரணமும் உண்டு. தனக்குக் கொடுத்த பழத்தை உண்ணாமல் பைக்குள் வைத்துக்கொள்ளும் பிள்ளையை ஒவ்வொரு குழுவிலும் காணலாம். "ஏன் தின்னவில்லை?" என்று பலர் முன்னிலையில் கேட்க வேண்டாம். அது வீட்டில் உள்ள தங்கைக்காக இருக்கலாம். கூடையை மூடுமுன் இன்னொரு பழத்தை எடுத்து, "இது மீந்துபோச்சு, நீயே தின்னுடா" என்று அவன் கையில் கொடுத்து, அவன் உரித்து உண்ணும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.